வேலையில் இருந்துகொண்டே பாரம்பரிய அரிசி வியாபாரம்: எதுவரை முடியும்?

வெண்ணாற்றங்கரை:

வணக்கம். நீடாமங்கலம் பக்கம் கிராமம். தஞ்சாவூரில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலை எட்டுக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஏழரை ஆகிவிடும். பிடித்தமெல்லாம் போகக் கையில் 28,000. வீட்டில் மனைவி, இரண்டாவது படிக்கும் பையன், அப்பா, அம்மா. ஒன்பது மா (மூன்று ஏக்கர்) நிலம் இருக்கிறது, அப்பா பார்த்துக்கொள்கிறார். போன சம்பாவில் பாதிக்குத் தூயமல்லியும் கருப்பு கவுனியும் போட்டோம். அரைத்து, சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் காலேஜ் நண்பர்களுக்கு அனுப்பினேன். அவர்கள் சொல்லி இன்னும் சிலர் கேட்டார்கள். சரக்கு ஆடிக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

இதையே தொழிலாகச் செய்ய ஆசை. சுற்று வட்டார விவசாயிகளிடம் நெல் வாங்கி, அரைத்து, பொட்டலம் போட்டு விற்க வேண்டும். மனைவி, "ஆறு மாசச் செலவுக்குப் பணம் சேர்த்துவிட்டு வேலையை விடுங்கள்" என்கிறாள். மாமனார் விடவே கூடாது என்கிறார். எப்போது விடலாம், அதுவரை என்னென்ன செய்து முடிக்கலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கும்பகோணம் டிகிரி:

உங்கள் மாமனார் பக்கம் ஒரு ஓட்டு. பாரம்பரிய அரிசி விற்கிறேன் என்று இறங்காத ஆளே இப்போது டெல்டாவில் இல்லை. எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர் மாப்பிள்ளை சம்பா விற்கிறார்கள். வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை.

கடைமடை:

தம்பி, நான் திருத்துறைப்பூண்டி பக்கம். இதே வியாபாரம்தான். வேலையை விட்டுவிட்டுத்தான் செய்கிறேன், ஆனால் உங்களை இப்போது விடச் சொல்ல மாட்டேன்.

ஆறு மாசச் செலவு என்பது கடை வைப்பவர்களுக்கான கணக்கு. மளிகைக் கடையில் இன்று போட்ட பணம் வாரம் பத்து நாளில் கைக்குத் திரும்பும். நம் தொழிலில் தை, மாசியில் மொத்தப் பணமும் நெல்லாகிவிடும். அது காசாக மாறி வர அடுத்த தை வரை ஆகும். வீட்டுச் செலவுக்கு வைத்திருக்கும் பணமும் நெல் வாங்கும் பணமும் ஒரே பையில் இருந்தால், முதலில் கரைவது நெல் பணம்தான்.

ஒரு உத்தேசக் கணக்கு போடுகிறேன். விலை இடத்துக்கு இடம் மாறும், உங்கள் ஊர் விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். நெல் கிலோ 40 ரூபாய். 100 கிலோ நெல்லுக்கு 60 கிலோ அரிசி காணும் என்று வையுங்கள். பாரம்பரிய ரகங்களில் அதற்கு மேல் கணக்கில் எடுக்காதீர்கள். அப்படியென்றால் அரிசி கிலோவுக்கு நெல் செலவு மட்டும் 67 ரூபாய். அரவைக் கூலி, ஏற்றி இறக்க, கல் குருணை பொறுக்க, பை எல்லாம் சேர்ந்து 80-ல் வந்து நிற்கும். 110-க்கு விற்றால் கிலோவுக்கு 30 ரூபாய். கூரியர் செலவு வாங்குபவர் தலையில்.

உங்கள் சம்பளம் வருஷத்துக்கு 3,36,000. அதை இந்த 30 ரூபாயில் எடுக்க 11,200 கிலோ அரிசி விற்க வேண்டும். அதற்கு வேண்டிய நெல் ஏறக்குறைய 18.7 டன். அதை வாங்க ஏழரை லட்சம் ரூபாய் மாசிக்குள் கையில் இருக்க வேண்டும். விவசாயியிடம் கடன் சொல்ல முடியாது. அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் போட்டால் பணம் அவர் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். பாரம்பரிய ரகத்துக்கு நீங்கள் கொஞ்சம் கூடக் கொடுக்கிறீர்கள் என்றுதான் அவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார். ஒரு வருஷம் இழுத்தடித்தால் அடுத்த வருஷம் அந்த வயலில் வேறு ரகம் நிற்கும்.

போன வருஷம் நீங்கள் விற்றது எத்தனை கிலோ? ஆடிக்குள் தீர்ந்தது சந்தோஷம்தான். ஆனால் அறுநூறு கிலோ தீர்வதும் பதினோராயிரம் கிலோ தீர்வதும் ஒன்றில்லை. நண்பர்கள் முதல் தடவை உங்களுக்காக வாங்குவார்கள். இரண்டாம் தடவை வாங்கினால்தான் அது அரிசிக்காக. முகம் தெரியாத ஆட்கள் எத்தனை பேர் மறுபடி கேட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வேலையை விடுவதற்கு நான் பார்க்கும் அளவுகோல் அது ஒன்றுதான்.

வெண்ணாற்றங்கரை:

அண்ணே, நீங்கள் சொன்ன அறுநூறைவிடக் கொஞ்சம் குறைவுதான்! மறுபடி கேட்டவர்களை எண்ணிப் பார்க்கவில்லை. வாட்சப்பில் தேடிச் சொல்கிறேன். 11 டன் என்றதும் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டது.

மயூரம் வாசி:

பணக் கணக்கு இருக்கட்டும். முதலில் உங்கள் வேலை நியமன உத்தரவை எடுத்துப் படியுங்கள். "வேறு எந்தத் தொழிலிலும் ஈடுபடக் கூடாது" என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். நான் மாயவரத்தில் வீட்டிலிருந்தே ஐடி வேலை பார்க்கிறேன். என் ஒப்பந்தத்தில் அந்த வரியும் இருக்கிறது, வேலை நேரத்தில் எழுதும் எதுவும் கம்பெனிக்கே சொந்தம் என்ற வரியும் இருக்கிறது. அதனால் என் சொந்த வேலைக்குத் தனி மடிக்கணினி, தனி மின்னஞ்சல், தனி போன் எண் வைத்திருக்கிறேன்.

பலர் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வேலையை விட்ட பிறகு இந்தத் தொழில் செய்யக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி அது பெரும்பாலும் செல்லாது. வேலையில் இருக்கும்போது செய்யக் கூடாது என்பது செல்லும். அதைச் சொல்லி வேலையிலிருந்து நீக்கலாம். உங்கள் கம்பெனிக்கும் அரிசிக்கும் சம்பந்தம் இல்லாவிட்டால் மேலாளரிடம் நேரில் சொல்லிவிடுவது உத்தமம். தஞ்சாவூர் என்ன சென்னையா? உங்கள் வாட்சப் ஸ்டேட்டஸ் உங்களுக்கு முன்னால் ஆபீஸ் போய்ச் சேர்ந்துவிடும்.

பேராவூரணி அக்கா:

எல்லாரும் தம்பியின் வேலையைப் பற்றியே பேசுகிறீர்கள். காலை எட்டிலிருந்து இரவு ஏழரை வரை வீட்டில் இல்லாத மனுஷன் எப்படி அறுநூறு கிலோ விற்றார்? பகலில் போன் எடுத்தது யார்? கூரியர்காரன் நாலு மணிக்கு மேல் பார்சல் எடுக்க மாட்டானே, கொண்டுபோய்க் கொடுத்தது யார்? வெயிலில் காயப் போட்டு, மேகம் கறுத்தால் ஓடிப்போய் வாரியது யார்?

நான் செக்கு எண்ணெய் ஆட்டுகிறேன். என் வீட்டுக்காரர் அரசுப் பள்ளி ஆசிரியர். கஜா புயலில் (2018 நவம்பர்) எங்கள் தோப்பில் பாதி மரம் சாய்ந்தது. இருக்கிற தேங்காயை நல்ல விலைக்கு மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலையில் ஆரம்பித்தது இது. அரசு ஊழியர்கள் அரசின் முன் அனுமதி இல்லாமல் வியாபாரம் செய்யக் கூடாது (தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973). ஆகவே ஆரம்பத்திலிருந்தே தொழில் என் பெயரில், என் கையெழுத்தில், என் பொறுப்பில். அவர் முறைப்படி அலுவலகத்துக்கு எழுதித் தெரிவித்துவிட்டார். மனைவி பேரைப் போட்டுவிட்டுத் தானே கல்லாவில் உட்காரும் ஆசிரியர்களையும் எனக்குத் தெரியும். யாராவது ஒரு மொட்டைக் கடுதாசி போட்டால் தெரியும் சேதி.

தம்பி, உங்கள் வீட்டில் தொழிலை நடத்துவது உங்கள் மனைவியும் அப்பாவும்தான். அதை வாய்விட்டு ஒத்துக்கொண்டு, மனைவிக்கு மாதம் இவ்வளவு என்று எடுத்து வையுங்கள். அந்தச் செலவையும் சேர்த்த பிறகு கடைமடை அண்ணன் சொன்ன 30 ரூபாய் நிற்கிறதா பாருங்கள். நிற்காது. இருபதுக்கு வந்துவிடும்.

கடைமடை:

அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. என் கணக்கில் ஆள் கூலி இல்லை.

கணக்குப்பிள்ளை:

கும்பகோணத்தில் வரி ஆலோசகர். மூன்று விஷயம் மட்டும்.

சம்பளமும் வியாபாரமும் சேர்ந்து இருக்கும்போது ஆள் ஆளுக்குச் சொல்லும் ஒரு தவறான யோசனை, "வியாபாரத்தில் நஷ்டம் காட்டினால் சம்பளத்தில் பிடித்த வரி திரும்ப வரும்" என்பது. வராது. வியாபார நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. அடுத்தடுத்த வருஷங்களின் வியாபார லாபத்தில்தான் கழிக்கலாம், அதுவும் ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டிருந்தால். சின்ன வியாபாரத்துக்கு உத்தேச வருமான முறை சுலபம். வங்கி வழியாக, யூபிஐயில் வந்த விற்பனையில் 6 சதவீதம், ரொக்க விற்பனையில் 8 சதவீதம் லாபம் என்று காட்டிவிட்டுப் போகலாம்.

இரண்டாவது, அரிசிக்கு ஜிஎஸ்டி. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம். மூட்டை பிரித்து எடை போட்டுக் கொடுத்தால் வரி இல்லை. தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்பவருக்கு 40 லட்சம் விற்றுமுதல் வரை பதிவு வேண்டாம். ஆனால் வரிக்குரிய சரக்கை வெளி மாநிலத்துக்கு விற்றால் இந்த வரம்பு பொருந்தாது. பெங்களூர் நண்பர்களுக்கு அனுப்புகிறேன் என்று சொன்னீர்களே, அங்கேதான் மாட்டுவீர்கள். லேபிள் ஒட்டிய ஐந்து கிலோ பையைக் கர்நாடகாவுக்கு வியாபாரமாக அனுப்பினால் பதிவு எடுத்தாக வேண்டும். நீங்களே கணக்குப் பிரிவில் இருப்பதால் உங்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது, அக்கா சொன்னதை ஒட்டி. மனைவி பெயரில் தொழில் வைத்து, முதலை நீங்கள் சும்மா கொடுத்தால், அதில் வரும் லாபத்தை உங்கள் வருமானத்தோடு சேர்த்துவிடுவார்கள். கடனாக எழுதி, வட்டி போட்டு, வங்கி வழியாகக் கொடுங்கள். அவர் பெயரில் தனி நடப்புக் கணக்கு. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இலவசம், இணையத்தில் நாமே செய்யலாம். ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தளங்கள் அரசுத் தளம் போலவே இருக்கும், ஏமாறாதீர்கள்.

கும்பகோணம் டிகிரி:

இவ்வளவையும் படித்துவிட்டு ஒருவர் தொழில் தொடங்கினால் அவருக்குக் கோயில் கட்டலாம்.

பழைய மேனேஜர்:

வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். டெல்டாவின் பல கிளைகளில் கடன் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன்.

மானியத் திட்டங்களைப் பற்றி இன்னும் யாரும் கேட்கவில்லை. ஆச்சரியம்! யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். பிஎம்இஜிபி (தொழில் கடனுக்கு மத்திய அரசு தரும் மானியம்) போன்ற திட்டங்களில் மானியம் உங்கள் கையில் வராது. கடனுக்கு எதிராக வங்கியிலேயே மூன்று வருஷம் வைப்பில் இருக்கும். தொழில் ஒழுங்காக நடந்தால்தான் கடனில் வரவு வைப்பார்கள். புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் திட்ட மதிப்பு பத்து லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். உணவுப் பதப்படுத்தும் குறுந்தொழிலுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீதம், உச்சவரம்பு பத்து லட்சம். எது நடப்பில் இருக்கிறது, யாருக்குப் பொருந்தும் என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள். ஒன்று நிச்சயம். சம்பள வேலையில் இருப்பவர் வந்து தொழில் கடன் கேட்டால், மேலாளர் கேட்கும் முதல் கேள்வி "பகலில் யார் பார்ப்பார்கள்?" என்பதுதான். அக்கா சொன்ன பதில் உங்களிடம் தயாராக இருக்க வேண்டும். விண்ணப்பமே மனைவி பெயரில் போவது இன்னும் நல்லது.

என் பார்வையில், மானியத்துக்காக இயந்திரம் வாங்காதீர்கள். ஷெட்டுக்குள் துருப்பிடித்து நின்ற கல் நீக்கும் இயந்திரங்களையும் பேக்கிங் இயந்திரங்களையும் ஆய்வுக்குப் போன இடங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஐந்நூறு, ஆயிரம் கிலோ விற்பவருக்குக் கூலி அரவை போதும்.

வேலையில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை சில. கம்பெனி கொடுக்கும் மருத்துவக் காப்பீடு விலகும் நாளோடு போய்விடும். குடும்பத்துக்குச் சொந்தமாக ஒன்று இப்போதே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருஷம் வரை இருக்கலாம், அது சம்பளம் வரும்போதே ஓடட்டும். வீடு கட்டும் எண்ணம் இருந்தால் வீட்டுக் கடனும் சம்பளச் சீட்டு இருக்கும்போதுதான் சுலபம். ஆனால் சம்பளச் சீட்டைக் காட்டித் தனிநபர் கடன் வாங்கி அதில் நெல் வாங்காதீர்கள். நெல் பணம் வருஷத்துக்கு ஒரு சுற்று, தனிநபர் கடனுக்கு மாதா மாதம் தவணை. இரண்டும் ஒட்டாது.

இந்தக் கம்பெனியில் எத்தனை வருஷம் ஆயிற்று? ஐந்து முடியாவிட்டால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) போய்விடும். அடிப்படைச் சம்பளம் 14,000 என்றால் ஐந்து வருஷத்துக்குச் சுமார் 40,000 வரும். ஒரு டன் நெல் பணம், விட்டுக்கொடுக்காதீர்கள்.

வெண்ணாற்றங்கரை:

எல்லாருக்கும் நன்றி. நாலரை வருஷம் ஆகிறது சார், அதனால் இந்தத் தைக்கு விடும் பேச்சே இல்லை. மனைவியிடம் அக்காவின் பதிவைக் காட்டினேன். இரண்டு முறை படித்துவிட்டு, "அந்த அக்கா நம்பர் வாங்கித் தாங்க" என்றாள். மாதம் ஐயாயிரம் என்று பேசி முடித்திருக்கிறோம். அவளுடைய முதல் நிபந்தனை, இரவு ஒன்பதுக்கு மேல் வியாபாரப் பேச்சு கூடாது. தொழில் அவள் பெயரில்தான்.

வாட்சப்பைத் தேடிப் பார்த்தேன். முகம் தெரியாதவர்களில் மறுபடி கேட்டவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். ஆனால் அவர்கள் எல்லாரும் கேட்டது தூயமல்லி. கவுனி யாரும் மறுபடி கேட்கவில்லை.

மேலாளரிடம் சொல்லிவிட்டேன். "ஆபீஸ் வேலை கெடக் கூடாது, எனக்குப் பத்து கிலோ எடுத்து வை" என்றார். எழுத்திலும் ஒரு கடிதம் கொடுத்துவிட்டேன்.

இப்போது என் சிக்கல் அறுவடை நாட்கள். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் வைத்துக்கொண்டு நெல் வாங்கி அரைக்க முடியுமா?

கடைமடை:

முடியாது. இதைத்தான் வேலையில் இருப்பவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. லேபிள், விலைப்பட்டியல், வாட்சப் பதில், வரவு செலவு, உணவுப் பாதுகாப்புப் பதிவு, எடையளவுத் துறையில் பொட்டலமிடுபவர் பதிவு எல்லாம் இரவிலும் ஞாயிறிலும் நடக்கும். நெல் காத்திருக்காது. அறுவடை இயந்திரம் நம் வட்டாரத்துக்கு வந்துவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மொத்த வயலும் காலி. இயந்திரத்தில் அறுத்த நெல் ஈரமாக இருக்கும். அன்றே களத்தில் கொட்டிக் கிண்டிவிடாவிட்டால் குவியல் சூடேறி அரிசி பழுப்பாகிவிடும். பல்லில் கடித்தால் கடக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் அரைக்கக் கூடாது.

அடுத்தது மில். ஆயிரம் இரண்டாயிரம் கிலோ கொண்டுவருபவனுக்காக யாரும் இயந்திரத்தைச் சுத்தம் செய்து தர மாட்டார்கள். உங்களுக்கு முன்னால் ஏடிடி (ஆடுதுறை) ரகம் ஏதாவது ஓடியிருக்கும், அதன் மிச்சம் எலிவேட்டரில் நிற்கும். உங்கள் நெல் விழத் தொடங்கியதும் முதலில் வரும் அரை மூட்டையைத் தனியாகப் பிடித்து வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருவதுதான் விற்பனைக்கு. இதற்கு ஆள் அந்த இடத்தில் நிற்க வேண்டும். "நீங்கள் போங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்ன ஒரு மில்லிலிருந்து எனக்கு வந்த கவுனியில் வெள்ளை அரிசி எள்ளும் பச்சரிசியும் போலக் கலந்து கிடந்தது.

ஆகவே வருஷம் முழுவதும் லீவு போடாமல் தை, மாசிக்குச் சேர்த்து வையுங்கள். உங்கள் பிரிவில் அது எப்படியோ தெரியவில்லை, மார்ச் முடிவு வேறு வரும்.

வெண்ணாற்றங்கரை:

ஜிஎஸ்டி ரிட்டர்ன் 11-ஆம் தேதி ஒன்று, 20-ஆம் தேதி ஒன்று. 21-லிருந்து மாதக் கடைசி வரைதான் எங்களுக்கு மூச்சு விடும் நேரம். ஜனவரி 21 என்றால் தை ஏழு, எட்டு. எங்கள் பக்கம் அறுவடை ஏறக்குறைய அப்போதுதான் சூடு பிடிக்கும். அந்தப் பத்து நாளைக் கேட்டு வாங்கிவிடலாம். பிப்ரவரியில் அப்பாவும் மனைவியும்தான். மார்ச்சில் நான் இருக்கிறேன் என்றே நினைக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

பேராவூரணி அக்கா:

தம்பி, கவுனியை அதற்குள் கைவிட்டுவிடாதீர்கள். மறுபடி கேட்காததற்கு அரிசி காரணமாக இருக்காது. குக்கரில் நாலு விசில் விட்டுவிட்டு "வேகவே இல்லை" என்று ஓரம் கட்டியிருப்பார்கள். இரவே ஊற வைக்க வேண்டும் என்று பட்டணத்துப் பிள்ளைகளுக்கு யார் சொன்னது? பையின் முன்பக்கமே பெரிய எழுத்தில் போடுங்கள்: "எட்டு மணி நேரம் ஊற வைக்கவும்." பொங்கல், பாயசம் என்று இரண்டு செய்முறையையும் பின்னால் அச்சடியுங்கள். அரைக் கிலோ பையாகவும் போடுங்கள். வாரம் ஒருமுறை கஞ்சி வைப்பவர்கள் ஐந்து கிலோவை என்ன செய்வார்கள்? தவிடு நீக்காத அரிசி சில மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் சீக்கிரம் வரும். அதனால் மொத்தத்தையும் மாசியிலேயே அரைக்காமல் நெல்லாகவே வைத்து, ஆர்டரைப் பார்த்து மாதம் ஒரு அரவை விடுங்கள். மனைவிக்கு என் எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

மயூரம் வாசி:

கவுனியில் புட்டு மாவு, அவல் என்று போகும் எண்ணம் இருந்தால், தஞ்சாவூர் புதுக்கோட்டை ரோட்டில் இருக்கும் நிஃப்டெமுக்கு (மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், ஊரில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் என்று பழைய பெயரில் சொல்வார்கள்) ஒரு சனிக்கிழமை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போய் வாருங்கள். பயிற்சி உண்டு, பரிசோதனைக் கூடம் உண்டு. சொந்தமாக இயந்திரம் வாங்கும் முன் அங்கே கட்டணம் கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம். உங்கள் ஆபீஸ் ஊரிலேயே இருக்கிறது. ஆனால் மாவு வேலையை ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்காதீர்கள், அடைமழையில் எதுவும் காயாது.

கும்பகோணம் டிகிரி:

சரி, நானும் இறங்கி வருகிறேன். தூயமல்லி ஐந்து கிலோ எனக்கு. பணம் முன்கூட்டியே அனுப்புகிறேன், நண்பர் கணக்கில் சேர்க்க வேண்டாம், முகம் தெரியாத ஆள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

வெண்ணாற்றங்கரை:

இரண்டாவது தடவையும் வாங்கினால்தான் எழுதுவேன் சார்!

தலைக்காவேரி:

இழையை இப்போதுதான் பார்த்தேன். வியாபாரம் பற்றி எனக்குத் தெரியாது. கிச்சிலி சம்பா விதை நெல் எங்கே கிடைக்கும்? இரண்டு மா நிலத்தில் போட்டுப் பார்க்க வேண்டும்.

கடைமடை:

திருத்துறைப்பூண்டியில், பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் ஐயா தொடங்கிவைத்த நெல் திருவிழாவுக்கு வாருங்கள். இரண்டு கிலோ விதை தருவார்கள், அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். மற்ற விதைச் சந்தேகங்களுக்குத் தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து சொல்கிறேன்.